எண்ணெய் சொல்லும் சேதி

ஆட்டோமாட்டிக் காருக்குப் பெரிய டயர்களை மாட்டி அழகு பார்க்கிறானா உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டான்? ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கருகல் வாடை வந்தால் உஷார்! வண்டியை ஓரங்கட்டி, ஹாண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கியர்ப் பெட்டி ஆறட்டும்.

இத்தகைய கார்கள் பலவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே தூது போவது எண்ணெய்தான். டயர் பெரிதானால் எஞ்சின் திணறும்; எண்ணெய் வீணே சுழன்று கொதிக்கும்.

"பெட்டியையே மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்த எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடச் சொல்லுங்கள். புது எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. பழுப்பாகிக் கருகியிருந்தால், முதலில் எண்ணெயை மாற்றிப் பழைய அளவு டயரையே போடுங்கள். உலோகத் துகள்கள் மின்னினால் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கலாம்.

பிள்ளை முகம் சுளிப்பான். பெட்டியின் விலையைச் சொல்லிப் பாருங்கள்!