கோட்டை விட்டாலும் ஒரு பாயின்ட்

மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஜூலை மாதத்தில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பத்து வயசுப் பேரனுக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. டி.வி.க்குக் கீழே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியை உசுப்பிவிட்டு, என் கையில் ஒரு கன்ட்ரோலரைத் திணித்தான்.

"தாத்தா, ஃபுட்டி ஆடலாம் வா!"

சரிதான், ஃபுட்பால்தானே என்று உட்கார்ந்தேன். திரையில் வந்தது வேறு என்னவோ! மைதானம் நீள்வட்டம். பந்து முட்டை. பக்கத்துக்கு 18 பேர். கோல் கம்பங்கள் இரண்டல்ல, நான்கு.

மைதானம் மட்டும் பார்த்த முகமாக இருந்தது. இருக்காதா பின்னே? கிரிக்கெட் மைதானமேதான். 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் சோம்பிக் கிடக்காமல் கால்பந்துச் சங்கம் ஒன்று ஆரம்பிக்கலாமே என்று இந்த ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். அடுத்த வருஷமே விதிகள் எழுதிவிட்டார்கள். (நானும்தான் பத்திரிகைகளுக்கு எத்தனையோ கடிதம் போட்டிருக்கிறேன். எங்கள் தெரு விளக்குகூட எரியவில்லை.)

விதிகளைப் பேரன் விளக்கினான். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு தரம் தரையில் தட்டியாக வேண்டும். முட்டையைத் தட்டினால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. எறியவே கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, கீழே விழுமுன் பிடித்தால் அது 'மார்க்'. அதைப் பிடிப்பதற்காக எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எகிறலாம். அம்பயர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

இந்தக் கூத்தை 1991-லேயே நின்டெண்டோவின் எட்டு பிட் பெட்டிக்குள் அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 'ஆஸி ரூல்ஸ் ஃபுட்டி' என்று பெயர். மெல்போர்ன் கம்பெனியான பீம் சாஃப்ட்வேர் செய்தது. அந்தப் பெட்டியின் நினைவகம் வெறும் 2 கிலோபைட். நகரும் உருவங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போடும். ஒரு சமயத்தில் மொத்தம் 64 துண்டு. ஒரே படுக்கைக் கோட்டில் எட்டுக்கு மேல் கூடாது. ஒன்பதாவது துண்டு அந்தக் கோட்டில் காணாமல் போய்விடும். ஓர் ஆளை வரையவே பல துண்டு வேண்டும். ஃபுட்டியிலோ நாலைந்து பேர் ஒரே இடத்தில் ஒரே உயரத்துக்கு எகிறுவதுதான் ஆட்டத்தின் உயிர்! எந்த இடத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று பெட்டி சொல்கிறதோ, அங்கேதான் இவர்கள் கூடுவார்கள். அதைச் செய்தவர்களின் இரவுகளை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு சங்கடம், இதில் ஆஃப்சைடு கிடையாது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது 36 பேரும் கிட்டத்தட்ட எங்கே வேண்டுமானாலும் போகலாம். நிஜ மைதானத்தில் அது சுதந்திரம். புரோகிராம் எழுதுகிறவருக்குத் தலைவலி. பந்து இல்லாத 35 பேரும் இப்போது எங்கே ஓட வேண்டும் என்று ஒவ்வொரு கணமும் கம்ப்யூட்டர் யோசித்தாக வேண்டுமே!

இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தாலும் யார் வாங்குவார்கள்? ஒரே ஒரு தேசம். ஜனத்தொகை சுமார் 2.7 கோடி. அதிலும் சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் ரக்பிக்கே முதல் மரியாதை. அமெரிக்க ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 'ஏ.எஃப்.எல். 98', '99' என்று இரண்டு போட்டுப் பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டது. பிறகு மெல்போர்ன் கம்பெனிகள்தான் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தன. 2011-ல் 'ஏ.எஃப்.எல். லைவ்' செய்தது பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ். 2017-ல் 'ஏ.எஃப்.எல். எவல்யூஷன்' வேறொரு கம்பெனி. 2023-ல் 'ஏ.எஃப்.எல். 23' மறுபடி பிக் ஆன்ட். உலகம் பூரா விற்கிற கால்பந்து கேம்களின் பளபளப்பை இவற்றில் எதிர்பார்ப்பது, பெட்டிக்கடையில் ஏ.சி. கேட்கிற மாதிரி. நான் கேட்க மாட்டேன்.

பிக் ஆன்ட் என்ற பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைக்கும் சென்னைப் பையன்களுக்கு: 'டான் பிராட்மன் கிரிக்கெட் 14' செய்தார்களே, அவர்களேதான். பீம் சாஃப்ட்வேரும் 1992-ல் ஒரு கிரிக்கெட் கேம் செய்தது. கிரிக்கெட்காரர்கள் குளிர்காலப் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்த ஆட்டம். அதை கேமாகச் செய்கிறவர்களும் மிச்ச நேரத்தில் கிரிக்கெட்டுக்கே போகிறார்கள்.

சரி, எங்கள் மேட்சுக்கு வருகிறேன். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 பாயின்ட். அது தவறி, ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 பாயின்ட், பெயர் 'பிஹைண்ட்'. கோட்டை விட்டவனுக்கும் மார்க் போடுகிற இந்தக் கருணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாமல் போயிற்று.

கடைசியில் பேரன் 14 கோல், 6 பிஹைண்ட், ஆக 90. நான் கோலே இல்லாமல் 7 பிஹைண்ட், ஆக 7.

"ஏழு வாட்டி கிட்ட வந்துட்டே தாத்தா. நாட் பேட்!" என்றான்.

மகள் சமையலறையிலிருந்து, "அப்பா, சாப்பிட வாங்கோ. ஆறிண்டிருக்கு" என்றாள்.

"இதோ, இன்னும் ஒரே ஒரு குவார்ட்டர்மா" என்றேன்.

சமையலறையில் பாத்திரம் ஒன்று ணங்கென்றது. எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாளோ!