குறுகிய இரைப்பையும் குறுகாத பந்தியும்



தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் உயிர்பெற்றெழுந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கின்றோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நடந்தாள். கண்டோர் திகைத்து நின்றனர். மறையுரைகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. நற்செய்தியாளரோ இன்னுமொரு சிறு செய்தியைச் சேர்த்த பின்னரே நிகழ்ச்சியை முடிக்கின்றார். அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் வீட்டாரைப் பணித்தார் என்பதே அது. உயிரைத் திருப்பிக் கொடுத்தது இறைமகனின் வல்லமை. அவ்வுயிரை நாளும் பேணுகின்ற வேலையோ வீட்டாரின் கையில், அடுப்படியில், ஒப்படைக்கப்பட்டது.

இவ்வாரம் எடுத்துக்கொண்ட பொருள் இப்பகுதிக்கு உரியதுதானா எனச் சிலர் ஐயுறக்கூடும். உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றியும், ஓரிரு ஆண்டுகளின் பின் பழைய உணவுப் பழக்கம் மெல்லத் திரும்பி, இறங்கிய எடையும் ஏறத் தொடங்கும்போது அவர்கள் அடைகின்ற வெட்கத்தைப் பற்றியுமே எழுதுகின்றேன். கொழும்பில் இச்சிகிச்சை நடைபெறுகின்றது; சென்னைக்குச் சென்று செய்துகொண்டு வருவோரும் உள்ளனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் நம் உறவினரிடையே இது இன்று புதுமையன்று. அவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்து வாவிக்கரையில் நம்மோடு பந்தியில் அமரும்போது, சோதனை அவர்களுக்கும் வருகின்றது, நமக்கும் வருகின்றது.

முதலில் ஒரு தெளிவு. இது நேற்றுத் தோன்றிய நாகரிகமன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேர்ட் மேசன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட நோயாளர் எடை கூடாது மெலிந்தே இருப்பதைக் கவனித்து, 1966இல் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். இன்று உலகில் கூடுதலாகச் செய்யப்படுவது வேறொரு முறை. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு வாழைப்பழம் போன்ற குழலாக விட்டுவிடுகின்றார்கள். கொள்ளளவு குறைவதோடு, பசியைத் தூண்டுகின்ற கிரெலின் என்னும் ஓமோன் பெரிதும் சுரக்கும் பகுதியும் நீங்கிவிடுகின்றது. இந்திய அரசியலாளர்களான நிதின் கட்கரி 2011இலும், அருண் ஜெட்லி 2014இலும் இத்தகைய சிகிச்சை பெற்றவர்களே. “பார்த்தால் அவ்வளவு பருமனில்லையே, இவருக்கு எதற்கு இது?” என்று திண்ணையில் பேசுவோர், ஆசிய மக்களின் உடல் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றது என்பதை அறிதல் நன்று. இத்துறையின் இரு பன்னாட்டு அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஏனையோருக்கு உடற்திணிவுச் சுட்டி 35 என்று வைத்த எல்லையை ஆசியருக்கு 27.5 ஆகக் குறைத்திருக்கின்றன.

நலமான உறுப்பொன்றை வெட்டி நீக்குதல் பாவமாகாதா என்ற கேள்வியும் எழுவதுண்டு. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மருத்துவ அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில், முழு உடலின் நலனுக்காக அதன் ஒரு பகுதியை இழக்கலாம் என்ற கொள்கையைத் தெளிவுபடுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மருத்துவக் காரணத்திற்காகச் செய்யப்படும் அகற்றலைத் தடுக்கவில்லை. ஆகவே அக்கேள்வி முடிந்துபோன கேள்வி. எஞ்சி நிற்பது, சிகிச்சைக்குப் பின்னுள்ள வாழ்வு.

சுவீடன் நாட்டில் 1987 தொடக்கம் நடத்தப்பட்ட நெடிய ஆய்வொன்று இதுபற்றிப் பேசுகின்றது. இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் எடையில் சராசரியாக நூற்றுக்கு 32 பங்கை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 ஆக இருந்தது. அதாவது, இறங்கியதில் ஒரு பகுதி பெரும்பாலாரிடம் திரும்பவே செய்கின்றது. அதே ஆய்வில், சிகிச்சை பெற்றோரிடையே இறப்புகள் குறைந்திருந்ததும் வெளிப்பட்டது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே ஏந்த வேண்டும். எடை சற்றே ஏறியதைக் கண்டு “எல்லாம் வீணாயிற்று” என்று கைவிடுபவர், உண்மையில் வீணாகாத ஒன்றைத் தாமே வீணாக்குகின்றார்.

உதைபந்தாட்ட வீரர் டியேகோ மரடோனாவை அறியாதவர் நம் ஊர்களில் குறைவு. அவர் 2005இல் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் இச்சிகிச்சையைப் பெற்றார். வியக்கத்தக்க வகையில் மெலிந்தார். எடை மீண்டும் ஏறியது. 2015இல் வெனிசுவேலாவில் இன்னொரு சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. மதுவோடும் அவர் நெடுங்காலம் போராடியவர். உலகமே தோளில் சுமந்த ஒரு மனிதருக்குப் பணமோ மருத்துவரோ குறைவில்லை. ஆயினும் கத்தி இரைப்பையைச் சிறிதாக்குமேயன்றி, நாற்பது ஆண்டுப் பழக்கத்தையும் தனிமையையும் கவலையையும் அது வெட்டுவதில்லை. (இச்சிகிச்சைக்குப் பின் மது முன்னிலும் விரைவாக ஏறும் என்பதும், சிலர் புதிதாய் அதற்கு அடிமையாகின்றனர் என்பதும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை.)

கத்தோலிக்கராகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. திருமுழுக்கு பாவத்தைக் கழுவுகின்றது. ஆனால் பாவத்தின்பால் சாயும் நாட்டம் எஞ்சி நிற்கின்றது என்று திருச்சபை கற்பிக்கின்றது. அதனாலன்றோ ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஒருமுறையல்ல, பலமுறை செல்கின்றோம்! மீண்டும் வந்து முழந்தாளிடுபவரை எந்தக் குருவும் “நீர் ஏன் திரும்பவும் வந்தீர்?” என்று விரட்டுவதில்லை. ஆனால் எடை கூடியவர் மருத்துவ நிலையத்திற்குத் திரும்பிச் செல்லக் கூசுகின்றார். நிறுவைக் கருவியில் ஏறுவதை ஒத்திப்போடுகின்றார். வருடாந்தக் குருதிப் பரிசோதனையை விட்டுவிடுகின்றார். அக்கூச்சத்தை வளர்ப்பதில் நம் நாவுக்கும் பங்குண்டு. “இவ்வளவு காசைக் கொட்டி வெட்டியும் என்ன பயன்?” என்று ஆலய வாசலில் சிரித்துச் சொல்லப்படும் ஒரு சொல், ஒருவரை ஓராண்டு வைத்தியரிடமிருந்து விலக்கி வைக்கப் போதுமானது.

“பெருந்தீனி தலையான பாவங்களுள் ஒன்றன்றோ, சுவாமி?” எனக் கேட்பீர்கள். ஆம். ஆனால் புனித தோமா அக்குவினாஸ் அதனை எவ்வாறு விளக்கினார் என்று பாருங்கள். அவர் இடுப்பின் சுற்றளவை அளக்கவில்லை. ஒழுங்கு தவறிய ஆசையையே பாவம் என்றார். புனித பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி, அளவுக்கு மிஞ்சி உண்பதோடு, நேரத்திற்கு முன் உண்பது, ஆவேசமாய் உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, மிக நுணுக்கமாய்ச் சமைத்ததையே வேண்டுவது ஆகியவற்றையும் அதனுள் அடக்கினார். இந்தக் கணக்கின்படி, சொதியில் உப்புக் குறைந்ததென்று மனைவியைக் கடிந்து எழுந்துபோகும் ஒல்லியான மனிதரே முதலில் தம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர். உடற்பருமனிலோ பரம்பரை, ஓமோன், மருந்து, உறக்கம், மனவழுத்தம் எல்லாம் கலந்திருக்கின்றன. அதனைக் கண்ட மாத்திரத்தில் பாவமெனத் தீர்ப்பிடுவது நமக்குரிய பணியன்று.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியையும், 1990இன் இடம்பெயர்வையும், 2004 மார்கழி 26இன் ஆழிப்பேரலையையும், 2022இன் பொருளாதார நெருக்கடியையும் கண்ட மக்கள் நாம். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற தாய், கோப்பையில் சோறு மிஞ்சுவதைப் பொறுக்கமாட்டாள். அவளுக்கு உணவு என்பது அன்பு, “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்பது அவளுடைய வாழ்த்து. மறுப்பவர் அவளையே மறுப்பதாக அவளுக்குத் தோன்றுகின்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பசியை அறிந்தவர்களின் விருந்தோம்பல் பரிசுத்தமானது. ஆயினும், மூன்று கவளத்தில் நிரம்பிவிடும் இரைப்பையை உடைய மகனுக்கு நான்காம் கவளம் வலியைத் தருமேயன்றி அன்பை உணர்த்தாது.

திடவுணவுக்குத்தான் குறுகிய இரைப்பை தடைபோடுகின்றது என்பதைப் பலர் அறியார். சீனி கலந்த பால்தேநீர், குளிர்பானம், ஐஸ்கிறீம், கேக், சொதியில் குழைந்த இடியப்பம், மாலை முழுதும் கொறிக்கும் மிக்சர் ஆகியன எவ்விதத் தடையுமின்றி வழுக்கிச் செல்லும். எடை திரும்புவது பெரும்பாலும் இந்த வழியாகவே. சிலருக்கு, முக்கியமாக மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோருக்கு, இனிப்பு உண்டதும் வியர்வையும் நெஞ்சுப் படபடப்பும் குமட்டலும் உண்டாவதுண்டு. அதனை நடிப்பென்று எண்ணிவிட வேண்டாம்.

மீண்டும் வழிக்கு வருவது எப்படி? மிகுந்த எளிமையான, ஆகவே சலிப்பூட்டுகின்ற வேலைகளால்தான். முதலில் சிகிச்சை செய்த வைத்தியரிடமோ, இயலாவிடின் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். இரைப்பை விரிந்துள்ளதா, உட்கொள்ளும் வேறு மருந்து எடையைக் கூட்டுகின்றதா, மனச்சோர்வு உள்ளதா என்பதை அவர்களே கண்டறிய இயலும். இன்று எடைக்கான ஊசி மருந்துகளும் உள்ளன; அவையும் வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே. சில நாட்கள் நீராகாரம் மட்டும் குடித்தால் இரைப்பை பழைய நிலைக்குச் சுருங்கிவிடும் என்று சொல்லப்படுவதற்கு மருத்துவ ஆதாரமில்லை. நேரம் குறித்துச் சிறு சிறு உணவாக உண்பது, கோப்பையில் புரதத்தை முதலில் உண்பது, நன்கு மென்று விழுங்குவது, உணவோடு நீர் பருகாது அரைமணி நேரம் பொறுப்பது ஆகியவை முதல் மாதத்தில் கற்பிக்கப்பட்ட அதே பாடங்கள். விற்றமின் பி12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் வைத்தியர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும். இடைவிடாத வாந்தி இருப்பின் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தயமின் குறைபாடு மூளையைத் தாக்கக்கூடும்.

புரதத்திற்கு நாம் எங்கும் அலையவேண்டியதில்லை. வாவி தருகின்ற இறாலும் நண்டும் ஓராவும் கொடுவாவும், முட்டையும் பருப்பும் போதும். மட்டக்களப்புத் தயிரும் நல்லதே. அதன்மேல் ஊற்றப்படுகின்ற பாணியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கின்றது! உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சீடருக்கு ஆயத்தம் செய்த காலையுணவும் கரிநெருப்பில் சுட்ட மீனும் அப்பமும்தான்.

எலியா இறைவாக்கினரின் வரலாறும் இங்கு நினைவுக்கு வருகின்றது. 1 அரசர் 19ஆம் அதிகாரத்தில், சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட அவரை வானதூதர் தட்டியெழுப்பி ஓர் அப்பமும் ஒரு குவளை நீரும் காட்டுகின்றார். அவர் உண்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கின்றார். தூதர் கடிந்துகொள்ளவில்லை, இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்புகின்றார். அதன் பின்னரே நாற்பது நாள் நடை தொடங்குகின்றது. பாலைவனத்து மன்னாவும் ஒரு நாளுக்குரிய அளவாகவே கிடைத்தது, சேர்த்துவைத்தது புழுத்துப்போயிற்று. நேற்றைய தோல்வியையும் அவ்வாறே சேர்த்துவைக்கத் தேவையில்லை. அடுத்த வேளை உணவிலிருந்து தொடங்கலாம்.

தவக்காலத்தில் சிலர் இரண்டையும் ஒன்றாக்கி, நோன்பென்ற பெயரில் எடை குறைக்க முயல்கின்றனர். இரைப்பைச் சிகிச்சை பெற்றவருக்கு இது கேடு. பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் அளவிழந்து உண்ணும் பழக்கமே பலரை வீழ்த்தியது. திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பிருக்கும் கடமை 18 வயது நிறைந்தோர் முதல் அறுபதாம் வயது தொடங்காதோர் வரைக்கே உரியது; நோயாளரை அது கட்டுப்படுத்துவதில்லை. ஒறுத்தல் வேண்டுவோர் தொலைக்காட்சியையோ புறணியையோ விட்டுக்கொடுக்கலாம். செப்டெம்பரில் ஆயித்தியமலைச் சதா சகாய அன்னையின் திருத்தலத்திற்கு நடந்துசெல்வோரும், அன்னைக்காகத் தாகத்தைத் தாங்குவதாக எண்ணாது, சிறிது சிறிதாக நீர் பருகியவாறே நடக்கவேண்டும்.

பங்குச் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாப் பந்தியில் பாற்சோறும் கேக்கும் றோல்ஸும் கிறீம் சோடாவும் மட்டுமா பரிமாறப்பட வேண்டும்? அவித்த கடலையும் முட்டையும் சீனியற்ற தேநீரும் அருகில் இருந்தால், நீரிழிவுள்ள பாதிப் பந்தியும் நன்றி கூறும். சிறு தட்டை எடுப்பவரைக் காரணம் கேட்காதிருத்தல், பரிமாறுவோருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியது.

இறுதியாக, பலர் கேட்கத் தயங்கும் ஒன்று. நற்கருணைக்கு முன் ஒரு மணிநேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற ஒழுங்கில் நீரும் மருந்தும் அடங்கா. திருச்சபைச் சட்டம் 919, நோயாளருக்கும் முதியோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அக்கட்டுப்பாட்டையே தளர்த்துகின்றது. சிகிச்சையின் முதல் வாரங்களில் திடவுணவை விழுங்க இயலாதோர், தேவையின் நிமித்தம் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறச் சட்டம் 925 இடமளிக்கின்றது. திருப்பலி தொடங்குமுன் திருப்பண்ட அறைக்கு வந்து குருவானவரிடம் சொன்னால், அவர் அதற்கு ஆவன செய்வார்.