இடைவெளிக்கு நாணுவதேன்?

பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்கள் தம் தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கொண்டு வருவதுண்டு. அவற்றைப் படிக்கையில் ஓரிடத்தில் நம் பேனா நின்றுவிடுகிறது. 2019 வரை ஒரு பணி. 2022 முதல் வேறொரு பணி. இடைப்பட்ட ஆண்டுகள் எங்கே? கேட்டால் முகம் கவிழ்கிறது. "சும்மா இருந்தேன் ஐயா" என்பர். அவ்வாறு சொன்னோருள் மெய்யாகவே சும்மா இருந்தவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். ஒருவர் தேர்வாணையத் தேர்வுக்காக நூலகத்தில் தவம் கிடந்திருப்பார். மற்றொருவர் 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது வளைகுடாவில் வேலையிழந்து, அவ்வாண்டு மே மாதம் தொடங்கிய சிறப்பு விமானங்களுள் ஒன்றில் ஊர் திரும்பி, தந்தையின் கடையில் அமர்ந்திருப்பார். சகோதரியரின் கதையோ மகப்பேறு, மாமியாரின் நோய் என நீளும்.

இந்த இடைவெளியை மறைக்கக் கற்றுத் தரும் நண்பர்களுக்குப் பஞ்சமில்லை. மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் எழுது என்பார் ஒருவர். பழைய பணியின் இறுதி நாளைச் சற்றே நீட்டிக்கொள் என்பார் மற்றொருவர். இது பொய் என்பது ஒருபுறமிருக்க, பயனற்ற பொய்யும் ஆகும். வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரே பொது எண் என்னும் முறை 2014இல் வந்துவிட்டது. எந்த நிறுவனம் எந்த மாதம் வரை பணம் செலுத்தியது என்பதை அக்கணக்கேடே காட்டிவிடும். வளைகுடா சென்று வந்தவருக்குக் கடவுச்சீட்டின் முத்திரையே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிலையத்தின் தேர்வுக் குழுவில் நாமும் அமர்ந்திருந்தோம். பாடம் நடத்திக் காட்டியவர்களுள் ஓர் அம்மையார் தனித்து நின்றார். ஆயினும் அவர் விண்ணப்பத்தில் எழுதியிருந்த பணிக்காலத்திற்கும் இணைத்திருந்த அனுபவச் சான்றிதழுக்கும் இடையே நான்காண்டு வேறுபாடு இருந்தது. படுக்கையில் கிடந்த மாமனாரைப் பேணிய ஆண்டுகள் அவை எனப் பின்னர் அறிந்தோம். உண்மையை மறைத்தார் என்று அவரை விலக்கினோம். முறையாகத்தான் செய்தோம் என்றும் நினைத்தோம். வெளியே வரும்போது குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "நான்காண்டு வீட்டில் இருந்தேன் என்று அவர் எழுதியிருந்தால், நாம் நேர்முகத்திற்கே அழைத்திருப்போமா?" ஒருவரும் விடை கூறவில்லை. அழைத்திருக்க மாட்டோம் என்பதே உண்மை.

ஆகவே, நேராக எழுதுங்கள் என்று மாணவர்க்கு உரைக்கும் நமக்கு, அதனை நேராகப் படிக்கும் கடமையும் உண்டன்றோ?

எழுதும் முறை எளிது. பணிகளை வரிசைப்படுத்தும் இடத்திலேயே, மாதமும் ஆண்டும் குறித்து, "குடும்பப் பொறுப்பு" என்றோ "போட்டித் தேர்வுப் பயிற்சி" என்றோ ஒரே வரி போதும். நோயுற்றிருந்தால் நோயின் பெயரை எழுத வேண்டுவதில்லை; நலம்பெற்றுப் பணிக்கு ஆயத்தமாக இருப்பதைச் சொன்னால் போதும். நேர்முகத்தில் கேட்டால் இரண்டு வாக்கியங்களில் காரணத்தைக் கூறிவிட்டு, அக்காலத்தில் கற்றதற்கும் இப்போது செய்ய வல்லதற்கும் பேச்சைத் திருப்புக. நீண்ட விளக்கமும் தழுதழுத்த குரலும் கேட்போருக்கு இல்லாத ஐயத்தை ஊட்டிவிடும்.

பணியை விட்டு நின்ற பெண் அறிவியலாரை மீண்டும் ஆய்வுக்கு அழைக்கவென்றே நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் ஒரு திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் இடைவெளி ஒரு குறையன்று, அதுவே தகுதி! அரசுக்கு எட்டிய இவ்வெண்ணம் நம் தேர்வுக் குழுக்களுக்கு இன்னும் எட்டவில்லை.

வணிகப் பெருமக்களிடம் சொல்ல ஒன்றுண்டு. சில இடைவெளிகளை உண்டாக்குவோர் நாமேதாம். தங்கை மகனென்றும் ஊர்ப்பிள்ளையென்றும் பட்டதாரி இளைஞனைக் கடையில் அமர்த்துகிறோம். அவன் கொள்முதல் பார்க்கிறான். இருப்புக் கணக்கு எழுதுகிறான். சரக்கு மற்றும் சேவை வரிக்கான விவரங்களைத் திரட்டித் தருகிறான். மூன்றாண்டு கழித்து வெளியேறும்போது அவன் கையில் ஒரு துண்டுத்தாளும் இல்லை. வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக இருபது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களுக்கே உரியது. சிறு கடைக்காரரின் ஊழியனுக்கு அக்கணக்கும் இராது. அவன் உழைத்த மூன்றாண்டும் உலகின் கண்ணுக்குச் சும்மா இருந்த மூன்றாண்டாகிவிடுகின்றன. வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்போர் உளர்; வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது முதலில் வேண்டும்.

கடையின் பெயர் அச்சிட்ட தாளில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இன்ன பணி செய்தார் என்று நான்கு வரி எழுதி, வரிப் பதிவு எண்ணுடன் கையொப்பமிட்டுத் தர ஐந்து நிமிடம் ஆகும். சென்ற ஆண்டுகளில் உங்கள் கடையை விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கும் அதனை இப்போது எழுதித் தரலாம்.