மகளிர் தினக் கேக்கும் திண்டுக்கல் ஒப்பந்தமும்

மார்ச் 8 வந்தால் நிறுவனங்கள் கேக் வெட்டுகின்றன. அறிவியலுக்குப் பெண்கள் வர வேண்டும் என்று பதாகை வைக்கின்றன. வரட்டும். பிளஸ் 2-வில் அறிவியல் படித்த நம் சேரிப் பெண் கல்லூரிக்குப் போகாமல் மில் வேனில் ஏறுவது ஏன் என்று மட்டும் அவை கேட்பதில்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. அதன் பலன்தான் 2022-இன் திண்டுக்கல் ஒப்பந்தம். ஆலை நிர்வாகம் கையெழுத்திட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் கட்டுப்பட்டன. ஆலை விதியை மீறினால் ஆர்டருக்கே ஆபத்து. பயிற்சி பெற்ற தொழிலாளர்களே தையல் தளத்தில் கண்காணிக்கிறார்கள். பாலினத்தோடு சாதியையும் சேர்த்து எழுத வைத்தார்களே, அது லேசான காரியமா?

மருத்துவமும் அப்படித்தான். மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுத்து மெஷினில் உட்கார வைத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை அம்பலப்படுத்தியது. டார்கெட் முடிந்தது, உடம்பு கெட்டது.

ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் பார்க்கும் நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். அந்தப் பணத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு ஆய்வகம் கட்டலாமே.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார் குழு இருக்க வேண்டும், அதன் விவரம் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் ஊரிலிருந்து வேன் ஏறும் அக்காவிடம் கேளுங்கள்: அவர் அதைப் பார்த்திருக்கிறாரா?