அச்சமும் செங்குருதியும்



பாடம் ஒப்பிக்க எழுந்து நிற்கும் மாணவனின் உள்ளங்கை வியர்ப்பதையும் நெஞ்சு படபடப்பதையும் நாள்தோறும் காண்பவன் நான். (உஸ்தாது புன்னகைத்தாலும் அப்படபடப்பு அடங்குவதில்லை!) சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் என்னும் ஹார்மோனே அதற்குக் காரணம். அது இதயத்தை மட்டுமே விரட்டுகிறது என்று எண்ணியிருந்தேன். இரத்தச் சிவப்பணுவையும் அது தொடுகிறது எனப் படித்தபோது வியந்தேன்.

சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்ரான். அது நுழைய வேண்டிய நுண்குழாய்களுள் சில அதனினும் குறுகியவை. ஆகவே, வளைந்தும் நெளிந்துமே அது உயிர்க்காற்றைச் சுமந்து செல்கிறது. ஏறத்தாழ 120 நாள்கள் இவ்வாறு உழைத்து மடிகிறது. உட்கருவே இல்லாத இவ்வணுவின் சவ்விலும் அட்ரினலின் தரும் செய்தியை ஏற்கும் வாயில்கள் உள்ளன. அச்செய்தி எட்டியதும் சவ்வின் அசைவும் நெகிழ்வும் கூடுவதை 1999-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆனால், எல்லார்க்கும் இது நன்மையாய் முடிவதில்லை. நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணு மரபுக்கூறு உள்ளதை லேமன், கட்புஷ் ஆகிய இருவர் 1952-இல் வெளியிட்டனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்கூற்றைப் பெற்ற குழந்தையின் சிவப்பணு, உயிர்க்காற்றை இறக்கியதும் விறைத்து அரிவாள்போல் வளைகிறது; குழாயை அடைக்கிறது; எலும்பை முறிப்பது போன்ற வலி எழுகிறது. அட்ரினலின் பட்டால் இவ்வரிவாளணுக்கள் குழாயின் உட்சுவரில் மேலும் ஒட்டிக்கொள்வதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இவை ஆய்வுக்கூடத்தில் கண்டவை; ஓர் அதட்டலே நோயை மூட்டிவிடும் என்று பொருள் கொள்ளலாகாது. ஆயினும், வலியால் துடிக்கும் பிள்ளையைப் 'பாசாங்கு செய்கிறாய்' என்று மிரட்டும் பெரியவர்களும் ஆசிரியர்களும் சற்று எண்ணிப் பார்க்கட்டும். அப்பிள்ளைக்கு வேண்டியவை போதிய தண்ணீர், குளிரிலிருந்து காப்பு, தாமதமில்லா மருத்துவம்.

'புதுவயலில் இருந்துகொண்டு மலைநாட்டு நோயை ஏன் எழுதுகிறீர்?' எனக் கேட்பீர்கள். வேலை தேடித் தமிழகம் வருவோரின் ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலும் இம்மரபு மிகுதி. அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் அமரக்கூடும்.

கணவன் மனைவி இருவரும் இக்கூற்றைச் சுமப்போராயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. சுமப்பவர்க்கோ பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தோன்றாது. இரத்தச் சோதனையே காட்டித்தரும். நோய் மிகுந்த மாநிலங்களில் 40 வயது வரையுள்ளோர்க்கு இச்சோதனை செய்ய மத்திய அரசு 2023 ஜூலை முதல் நாள் தனித் திட்டம் தொடங்கியது. அதில் தமிழ்நாடும் அடங்கும்.