பூனைக்கும் ஒரு பயணச்சீட்டு

பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கித் தூசி தட்டியவுடனே வீட்டில் முதலில் கலங்குவது பூனைதான். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அல்லது திறந்து வைத்த பெட்டிக்குள் ஏறி, மடித்து வைத்த சேலையின்மேல் படுத்துக்கொள்ளும். “என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா?” என்று அது கேட்பதாக நினைத்துக்கொள்வது நமது கற்பனை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு என்பது கற்பனை அன்று.

தந்தைக்கோ தாய்க்கோ வெளிநாட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு புறப்படும் வீடுகள் இன்று நம்மிடையே பல. பாத்திரங்கள் சித்தி வீட்டுக்கு. மிதிவண்டி மாமா மகனுக்கு. தொட்டிச் செடிகள் பக்கத்து வீட்டுக்கு. பூனைக்கு மட்டும் சாக்குப்பை! இரவோடிரவாகக் கொண்டுபோய் மீன் சந்தையருகே அவிழ்த்துவிட்டு, “மீன் கிடைக்கிற இடம், எப்படியும் பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நாம் ஒப்புவதற்கில்லை. நேரத்துக்குக் கிண்ணத்தில் சோறு கண்ட பூனைக்கு அந்த இடம் அந்நிய தேசம். முன்பே அங்கே குடியிருக்கும் கடுவன் பூனைகள் புதியதை எளிதில் அண்டவிடா. தெருநாயும் லாரியும் வேறு. தப்பிப் பிழைத்தால் அது பூனையின் திறமை. நமது தயவு அன்று.

இதற்கு நேர்மாறான வழக்கமும் இப்போது தலைகாட்டுகிறது. பத்து நாள் விடுமுறைக்குக்கூடப் பூனையைப் பையில் வைத்து விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நம் நாட்டில் ஏர் இந்தியா சிறு பிராணிகளைப் பயணிகள் அறையில் கொண்டுசெல்ல அனுமதிக்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் அந்த வசதியைத் தொடங்கியது. வசதி இருப்பது நல்லதே. ஆனால் நமது உல்லாசப் பயணம் பூனைக்கு உல்லாசம் ஆகாது. நாய் ஆளைப் பற்றி வாழும். பூனை பெரும்பாலும் இடத்தைப் பற்றி வாழும். கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் மணத்தைப் பூசி வைத்திருக்கிறதே, அந்த மணம்தான் அதற்கு வீடு. தாஜ்மகாலைக் காண அதற்கு ஆசையில்லை. அடுத்த வீட்டு அக்காளிடம் சாவியைக் கொடுத்து, வேளைக்கு உணவும் நீரும் வைக்கச் சொல்லிவிட்டுப் போவதே அதற்குச் செய்யும் உதவி.

குடிபெயர்ந்து போவது வேறு. வீடே புறப்படும்போது பூனையும் புறப்பட வேண்டும் என்பது நமது கருத்து. இதில் தடையாக நிற்பது பெரும்பாலும் அன்புக் குறைவன்று, நாள் குறைவு.

ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நம் நாட்டிலிருந்து பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில், அரிசிமணி அளவுள்ள ஒரு மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் செலுத்த வேண்டும். 15 இலக்க எண் கொண்ட அதுவே பூனையின் அடையாள அட்டை. அதன்பின்பே வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்பு அளவு மில்லி லிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையக்கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக நான்கு மாதம். ஜப்பானோ இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் கேட்கிறது. அப்பாவுக்கு விசா சில வாரங்களில் வந்துவிடும், பூனைக்கு வராது! புறப்படும் வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் ஓடினால் அவர் என்ன செய்வார், பாவம்.

இது வீண் கெடுபிடி என்று சிலர் சலித்துக்கொள்வர். வெறிநோய் மூளையைத் தாக்கும் நோய்; அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. நாயைப் போலப் பூனைக்கும் அது வரும். நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. ஒழித்துவிட்ட நாடுகள் வாசலில் காவல் வைப்பது நியாயமே. பிரிட்டன் 2000-ஆம் ஆண்டு வரை, வந்திறங்கும் பூனைகளை ஆறு மாதம் தனியே அடைத்து வைத்தது. அதனோடு ஒப்பிட்டால் இன்றைய முறை கருணை மிக்கது.

பயணிகள் அறையில் இடமில்லாவிட்டால் விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றுவார்கள். அங்கே மூச்சு முட்டிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. உயிர்ப் பிராணிகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் சீராக வைக்கப்படுகின்றன. ஆனால் பாரசீகப் பூனைபோல் மூக்குச் சப்பையான இனங்களுக்கு மூச்சுத் தொல்லை உண்டாகும் என்பதால் பல நிறுவனங்கள் அவற்றை அங்கே ஏற்றுவதில்லை. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கலாமே என்று தோன்றும். மருத்துவர்கள் அதை ஊக்குவிப்பதில்லை. மூச்சும் இரத்த ஓட்டமும் தளரக்கூடும். அதைவிட, எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமுள்ள கூண்டை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி, வீட்டில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே உணவு வைத்துப் பழக்குவது மேல். உள்ளே விரிக்கத் துவைக்காத பழைய துணி ஒன்று. புதுத் துண்டு நமக்கு அழகு; பூனைக்குப் பயன் இல்லை.

எடையிலும் கண் வைக்க வேண்டும். 2019 நவம்பரில் ருஷ்யாவில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். ஏரோஃப்ளோட் விமானத்தில் பயணிகள் அறைக்கு 8 கிலோவே வரம்பு. ஒருவருடைய விக்டர் என்ற பூனையோ 10 கிலோ! அவர் மெலிந்த பூனை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைத் தராசில் நிறுத்திக் காட்டிவிட்டு, விக்டரை ஏற்றிச் சென்றார். செய்தி வெளிவந்ததும் நிறுவனம் அவர் சேர்த்து வைத்திருந்த பயணச் சலுகைகளை எல்லாம் பறித்துக்கொண்டது. அவருடைய பாசத்தைப் பாராட்டலாம். தராசை ஏமாற்றியதைப் பாராட்ட முடியாது. பூனைக்குத் தீனியைக் குறைத்திருக்கலாம்.

“இத்தனை ஆயிரம் ரூபாயை ஒரு பூனைக்குச் செலவழிப்பதா? ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே” என்று பெற்றோர் கேட்பது சரியான கேள்வி. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் பத்தியில் இதையே எச்சரிக்கிறது: மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தைப் பிராணிகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. ஆனால் பிராணிகளை வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்பதும் அதே பத்தியில் உண்டு. முன்னதை மட்டும் படித்துவிட்டுச் சாக்குப்பையைத் தேடுவது எப்படித் தகும்? வீட்டில் உண்மையிலேயே பணமுடை என்றால் பூனையைக் கூட்டிச் செல்லாதிருப்பதில் பாவம் இல்லை. தெருவில் விடுவது வேறு, கூட்டிச் செல்லாதிருப்பது வேறு. (திருவிவிலியத்தில் தோபியாவின் பயணத்தில் நாய் கூடவே போகிறது. வீட்டுப் பூனையோ, பாரூக்கு நூல் 6-ஆம் அதிகாரத்தில், பொய்த் தெய்வச் சிலைகளின்மேல் ஏறி உட்கார மட்டும் ஒரே ஒருமுறை வருகிறது! பூனையின் குணம் அன்றும் அதுதான் போலும்.)

2022 பிப்ரவரி 24-இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் பயின்ற நம் மாணவ மாணவியரில் சிலர் தங்கள் நாயையும் பூனையையும் நெஞ்சோடு அணைத்தபடி எல்லையைக் கடந்தார்கள். நம் அரசும் அந்த ஒருமுறைக்கு மட்டும் என்று விதிகளைத் தளர்த்தி, அவற்றை ‘ஆபரேஷன் கங்கா’ விமானங்களில் வர அனுமதித்தது. குண்டு விழும் ஊரிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு நான்கு மாத அவகாசம் ஏது? நமக்கு அவகாசம் உண்டு. வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சு வீட்டில் எழும் அன்றே மைக்ரோசிப்பைப் பற்றியும் பேசலாம்.

கொண்டுசெல்ல இயலாத வீட்டார்க்கு நாம் சொல்வது இதுவே. பள்ளியில் இத்தனை நூறு குடும்பங்கள் இருக்கின்றன. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே தோழியரிடம் கேளுங்கள். ஆசிரியர் இசைந்தால் அறிவிப்புப் பலகையிலும் எழுதுங்கள். எடுத்துக்கொள்ள முன்வருபவர் கையில் பூனையோடு ஒரு தாளையும் கொடுங்கள்: பெயர், வயது, தடுப்பூசி போட்ட தேதி, விரும்பித் தின்பது எது, இடி இடித்தால் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்.