கீமேன் நடப்பதுபோல் ஒரு நாள் நடப்போம்

வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள் போடும் சுற்றுலா நோட்டீசுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மூன்று நாள், ஒன்பது இடங்கள், ஏ.சி. பஸ், தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம்" என்றிருக்கும். நானும் என் மனைவியும் அப்படி நாலைந்து தடவை போய் வந்திருக்கிறோம். வீடு திரும்பியபின் யோசித்தால், எந்த ஊரில் இட்லி நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவில் நிற்கும். பாடுபட்டு ஏற்பாடு செய்கிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் என் தொழில் கதை.

நான் 1981-ல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெற்றவன். லைனைப் பார்வையிட எங்களுக்குப் பல வழிகள் உண்டு. எஞ்சினில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து ஆட்டம் எப்படி என்று பார்க்கலாம். டிராலியில் போகலாம். ஆனால் தினந்தோறும் லைனைக் காப்பாற்றுகிறவர் கீமேன்தான். சுத்தியல், ஸ்பானர், சிவப்பு பச்சைக் கொடிகளுடன் தன் எல்லை முழுவதும் நடந்தே போவார். தளர்ந்த போல்ட்டும் விரிசல் விட்ட ரயிலும் பெரும்பாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும். வேகமாகப் போகிறவனுக்கு எல்லா லைனும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதை எத்தனையோ ஜூனியர்களுக்குப் பாடம் சொன்ன நான், முப்பது வருடமாகக் குடியிருக்கும் வட நாட்டுக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. லீவு என்றால் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். மற்ற நாளெல்லாம் ஏதோ வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பதுபோல் டில்லியில் இருந்துவிட்டோம். இமயமலையின் அடிவாரமோ ஓர் இரவுப் பயணத்தில் இருக்கிறது!

கடந்த அக்டோபரில் என் மனைவிதான் ஆரம்பித்தாள். "ஒன்பது இடம் வேணாங்க. ஒரே இடத்துல இறங்கி, கால் போற வரைக்கும் நடந்து பார்ப்போம்" என்றாள். பழைய டில்லியில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறினோம். விடியற்காலையில் காட்கோதாம். பெயருக்கு அர்த்தமே மரக்கிடங்கு என்பதுதான். 1884-ல் ரயில் வந்த ஊர். 1994-ல் பிராட் கேஜ் ஆனது. அதோடு லைன் முடிகிறது, மலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஷேர் ஜீப்பில் சுமார் 20 கிலோமீட்டர் ஏறினால் பீம்தால்.

பீம்தால் ஏரியின் ஒரு கோடியில் 1883-ல் வெள்ளைக்காரர்கள் கட்டிய அணை இருக்கிறது. நான் வழக்கம்போல் அதன் கட்டுமானத்தை விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் என் மனைவி பத்தடி முன்னால் போய்விட்டாள். ஏரிக்கரை, பீமேஸ்வர் கோயில், பிறகு ஜங்கலியாகாவ் கிராமத்து வழியாக நௌகுச்சியாதால். ஒன்பது மூலைகள் கொண்ட ஏரி என்று பொருள். ஒன்பது மூலையையும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மோட்சம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அவளுடைய முழங்கால் வலிக்காக அடிக்கடி உட்கார்ந்து, ஊருக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதைகளிலும் புகுந்து, மாலைக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்திருப்போம். முதல் ஒரு மணி நேரம் நான் இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிறவன்போல் விரைந்தேன். "உங்களுக்கு ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் வேகம் குறைந்தது.

அப்படிக் குறைந்ததால்தான் அந்த வீட்டு முற்றம் கண்ணில் பட்டது. கற்பலகைக் கூரை போட்ட பழைய வீடு. முற்றத்தில் தானியம் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி குனிந்து ஒரு கதிரை எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, இது நம்ம கேப்பைங்க!" என்றாள். பக்கத்து முறத்தில் கொள்ளு. வெயில் காய்ந்துகொண்டிருந்த எண்பது வயதிருக்கும் பாட்டி சிரித்தார். கேழ்வரகுக்கு அங்கே மடுவா என்று பெயர், கொள்ளுக்கு கஹத். சிறுநீரகக் கல்லுக்குக் கொள்ளு நல்லது என்று அந்தப் பாட்டியும் சொன்னார். எங்கள் அம்மா சொன்ன அதே வைத்தியம்! காய்கறிக் கடையில் கற்ற ஹிந்தியை வைத்துக்கொண்டு என் மனைவி ஒரு மணி நேரம் பேசினாள். நான் டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டிக்கு இரண்டு பையன்கள். இருவரும் டில்லியில் வேலையில் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வருவார்கள். அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர்களும் கீழே இறங்கிப் போய்விட்டார்களாம். "உன் கிராமத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், பேட்டி?" என்று பாட்டி கேட்டார். என் மனைவி கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "அதுவும் பூட்டித்தான் இருக்கு, அம்மாஜி" என்றாள்.

2011 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு உத்தராகண்டில் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போய்விட்டன என்று அந்த மாநிலத்தின் புலம்பெயர்வு ஆணையம் 2018-ல் அறிக்கை கொடுத்தது. பேப்பரில் படித்தபோது அது எனக்கு ஓர் எண்ணாகத்தான் இருந்தது. ஊரைப் பூட்டிவிட்டுப் பிழைக்க வந்தவர்கள் நாம் மட்டும்தான் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. நமக்கு மார்கழியில் ஊர் ஞாபகம் வருகிறது, அவர்களுக்கு இல்லையா?

இதில் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலனி வாட்ச்மேன் 14 வருடமாக எங்களுக்குக் கேட் திறந்துவிடுகிறார். அவருடைய ஊர் எது என்று நான் கேட்டதே இல்லை. எல்லோரும் "பஹாடி" என்போம், நானும் அப்படித்தான். நம்மை யாராவது "மதராஸி" என்றால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. ஊர் திரும்பிய மறுநாள் கேட்டேன். அல்மோரா மாவட்டம் என்றார். அரை மணி நேரம் தன் ஊரைப் பற்றியே பேசினார்.

இன்னொரு தவறும் செய்தேன். ஏரிக்கரை டீக்கடையில், "இங்கே மனை என்ன விலை?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. நகராட்சி எல்லைக்கு வெளியே வெளி மாநிலத்தார் 250 சதுர மீட்டருக்கு மேல் வீட்டுமனை வாங்க முடியாது என்பது அங்கே சட்டம். 2025-ல் விவசாய நிலத்துக்கு இன்னும் இறுக்கமாக்கிவிட்டார்கள். ஏன் இத்தனை கெடுபிடி என்பது, ஏரியைச் சுற்றி எழும்பி நிற்கும் ரிசார்ட்டுகளைப் பார்த்தால் புரியும். நம் கண்மாய்க் கரையில் யாரோ வந்து இப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இப்போது என் யோசனை. சங்கம் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு நாள் நடைப்பயணம் ஏற்பாடு செய்யட்டும். இரவு ரயிலில் போய், பகலில் நடந்து, மறு இரவு ரயிலில் திரும்புவது. பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஓர் ஏரி, இரண்டு கிராமம் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் சரி. கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மனை விலை கேட்கக் கூடாது. புளியோதரை மூட்டை கூடாது என்று சொல்ல மாட்டேன்; ஒரு வேளையாவது அந்த ஊர் மடுவா ரொட்டியையும் கொள்ளுப் பருப்பையும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். முக்கியமாக, ஓய்வு பெற்றவர்கள் தம்பதியாக வர வேண்டும்.

ஏன் தம்பதியாக என்கிறேன் என்றால், திரும்பும் ரயிலில் என் மனைவி சொன்ன வார்த்தை இது: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, ஒரு நாள் பூரா நீங்க என் பக்கத்துலயே நடந்தது இன்னைக்குத்தாங்க." வேலையில் இருந்தபோது நடந்ததெல்லாம் லைன் ஓரமாகத்தான். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பாட்டியிடம் வாங்கி வந்த கொள்ளில் மறுவாரம் வீட்டில் ரசம் வைத்தாள். ஒரு பாத்திரம் வாட்ச்மேனுக்கும் போயிற்று. கஹத் என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார். மார்ச்சில் குளிர் விட்டதும் மறுபடி கிளம்புவதாக இருக்கிறோம். கூட வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.